நெட்வொர்க்கின் நினைவு தப்பினால்? பாதைகளைக் காப்பாற்றும் அண்டை சாட்சிகள்

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. ஹாஜிகள் அரஃபாவில் கூடியிருந்த நாள். கனடாவில் மறுநாள் சனிக்கிழமை பெருநாள், நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை. பெருநாளை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் அழைப்புக்காக நம் வீடுகளில் கைப்பேசியை யாரும் கையை விட்டு வைப்பதில்லை. அப்படிப்பட்ட நாளில், கனடாவின் கிழக்குப் பகுதி நேரப்படி அதிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, அந்நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸின் நெட்வொர்க் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நின்றுபோனது.

1 கோடியே 20 லட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். கைப்பேசி, வீட்டு இணையம், வீட்டுத் தொலைபேசி எல்லாம் போயின. இன்டராக் என்ற நாடு தழுவிய பணப்பரிமாற்ற அமைப்பும் ரோஜர்ஸை நம்பியிருந்ததால் கடைகளில் டெபிட் அட்டை செல்லவில்லை. பலரால் 911 என்ற அவசர எண்ணைக்கூட அழைக்க முடியவில்லை. டொராண்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் என்று தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள் இருக்கின்றன. அங்கிருந்து ஊருக்குப் பேச முடியாமல் எத்தனை வீடுகள் தவித்திருக்கும்! ஏறத்தாழ ஒரு நாளுக்கும் மேலாக இந்த நிலை நீடித்தது.

புயல் அடிக்கவில்லை. கடலடிக் கேபிள் அறுபடவில்லை. மின்சாரம் போகவில்லை. கம்பிகளும் கோபுரங்களும் அப்படியே இருந்தன. அப்படியானால் எது செத்தது? அதை எப்படி உயிர்ப்பிக்கிறார்கள்? இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது அதைத்தான். பொறியியல் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

கம்பி வேறு, கணக்கு வேறு

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது நினைவிருக்கும். நம் காஞ்சிபுரம் பக்கமும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கேபிள்கள் அறுந்து, பல இடங்களில் இணையம் நாட்கணக்கில் சரியாக வரவில்லை. அது கண்ணுக்குத் தெரியும் பழுது. ஆள் போய்க் கேபிளை ஒட்டினால் சரியாகிவிடும்.

ரோஜர்ஸில் நடந்தது வேறு வகை. இதைப் புரிந்துகொள்ள ரவுட்டர் என்ற பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். நம் வீட்டு மூலையில் பச்சை விளக்கோடு கிடக்கும் சின்னப் பெட்டியைச் சொல்லவில்லை. தொலைபேசி நிறுவனங்களின் நிலையங்களில் பீரோ உயரத்துக்கு நிற்கும் பெரிய ரவுட்டர்களைச் சொல்கிறோம்.

அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, வந்த தகவலை எந்த வாசல் வழியாக வெளியே அனுப்புவது என்று ஓர் அட்டவணையைப் பார்த்து, கண்ணிமைக்கும் நேரத்தில் தள்ளிவிடுவது. இதைத் தனிச் சிப்புகள் செய்கின்றன. அவற்றுக்கு யோசிக்கத் தெரியாது. அட்டவணையில் உள்ளபடி செய்யும். மற்றொன்று, அந்த அட்டவணையை எழுதும் வேலை. அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு ஓயாமல் பேசி, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, யாருக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்ற கணக்கை இது வைத்திருக்கும். முதலாவதைக் கடத்தும் தளம் என்றும் இரண்டாவதைக் கட்டுப்பாட்டுத் தளம் என்றும் சொல்லலாம். பொறியாளர்கள் பேச்சில் டேட்டா பிளேன், கண்ட்ரோல் பிளேன்.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் அதில் ஒவ்வொன்றாக நகரும்; எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கும். கீழே நாடா ஓடுகிறது, ஊடை விழுகிறது, சேலை வளர்கிறது. மேலே முடிவு, கீழே செயல். ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் நொண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜக்கார்டு நின்றால் நெசவும் நின்றுவிடும். நல்ல ரவுட்டரில் அப்படியல்ல. மேலே உள்ள மூளை மயங்கி விழுந்தாலும், கடைசியாக எழுதிய அட்டவணை கீழே சிப்பில் பத்திரமாக இருந்தால், தகவல் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். மூளை எழுந்து வரும்வரை கை தன் வேலையைச் செய்யும்.

சிக்கல் அங்கே இல்லை. மூளை எழுந்து வந்த பிறகுதான் தொடங்குகிறது. எழுந்தவருக்கு எதுவும் நினைவில்லை.

பாதை போடுவது எப்படி?

காஞ்சிபுரத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளையிலிருந்து மும்பையில் உள்ள தலைமைக் கணினிக்குத் தகவல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழியில் பல ரவுட்டர்கள். இவற்றின் ஊடே நிரந்தரமான, இடம் ஒதுக்கப்பட்ட ஒரு பாதை வேண்டும். அதற்கு எம்.பி.எல்.எஸ். என்ற முறை உண்டு. முழு முகவரியையும் ஒவ்வொரு நிலையத்திலும் படிப்பதற்குப் பதிலாக, மூட்டையின் மேல் ஒரு சீட்டு எண் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு ரவுட்டருக்கு 27 என்ற சீட்டோடு மூட்டை வந்தால், அதைக் கிழித்துவிட்டு 41 என்று ஒட்டி அடுத்த வாசலில் தள்ளும். அடுத்த ரவுட்டர் 41ஐப் பார்த்து வேறோர் எண் ஒட்டும். எண்களுக்குப் பொருள் அந்தந்த இரண்டு அண்டை ரவுட்டர்களுக்கு இடையே மட்டும்தான்.

இந்த எண்களை யார் பேசி முடிவு செய்வது? அதற்காக உள்ள பேச்சுமுறைகளில் ஒன்று ஆர்.எஸ்.வி.பி. 1997 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 2205 என்ற ஆவணமாக இது வெளியானது. சீட்டு எண் பாதைகள் போடுவதற்கு ஏற்ப 2001 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 3209 இதை விரிவாக்கியது. முதல் ரவுட்டர் "இப்படி ஒரு பாதை வேண்டும்" என்று ஒரு செய்தியை அனுப்பும். அது வழிநெடுக ஒவ்வொரு ரவுட்டராகக் கடந்து கடைசி முனைக்குப் போகும். அங்கிருந்து பதில் திரும்பி வரும். திரும்பி வரும்போது ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கு முந்தையதிடம், "எனக்கு அனுப்பும்போது இந்தச் சீட்டு எண்ணை ஒட்டு" என்று சொல்லிக்கொண்டே வரும். பதில் முதல் ரவுட்டரைச் சேர்ந்ததும் பாதை தயார்.

ஒவ்வொரு ரவுட்டரும் இதைப் பற்றி ஒரு குறிப்பைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். யார் கேட்டது, எங்கிருந்து எங்கே, எவ்வளவு இடம் ஒதுக்கினோம், எந்த எண்ணில் வரும், எந்த எண்ணில் போகும். ஒரு பெரிய நிலையத்தில் இப்படி ஆயிரக்கணக்கான குறிப்புகள் இருக்கும். தொலைந்துபோவதும் மீட்கப்பட வேண்டியதும் இந்தக் குறிப்புகள்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இணையத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரான டேவிட் கிளார்க் 1988ல் எழுதிய கட்டுரையில் இளகிய நிலை என்ற கருத்தை முன்வைத்தார். ஒருமுறை எழுதிய குறிப்பைக் கல்வெட்டாக நினைக்காதே. அடிக்கடி புதுப்பிக்கப்பட்டால் மட்டும் வைத்திரு, இல்லையென்றால் தானாக அழியட்டும் என்பது அதன் சாரம். ஆர்.எஸ்.வி.பி. அந்த வழியில் நடப்பது. சுமார் 30 நொடிகளுக்கு ஒருமுறை "பாதை இன்னும் வேண்டும்" என்று அண்டை ரவுட்டர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டரை நிமிடத்துக்கு மேல் சத்தமே இல்லையென்றால் குறிப்பை அழித்து, இடத்தை விடுவித்துவிடும். யாரோ கேட்டு, பிறகு மறந்துபோன பாதைகள் நெட்வொர்க்கை அடைத்துக்கொண்டு கிடக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்த நல்ல ஏற்பாடே இங்கே கழுத்துக்குக் கத்தியாகிறது. ஒரு ரவுட்டரின் மூளை மட்டும் மயங்கி, மீண்டும் தொடங்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. அதுவரை அது பேசாது. அண்டை ரவுட்டர்கள் என்ன நினைக்கும்? செத்துவிட்டது என்று நினைத்துப் பாதைகளைக் கலைத்துவிடும். உண்மையில் சிப்புகள் உயிரோடுதான் இருக்கின்றன, மூட்டைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. கணக்கர் மயங்கினார் என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளை எல்லாம் நிறுத்தி, சாலையையும் தோண்டிப் போட்டால் எப்படி இருக்கும்?

இரண்டு சாட்சிகள்

2003 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 3473 என்ற ஆவணம் இதற்கு வழி சொன்னது. அதைப் படிக்கும்போது நமக்குக் கோர்வைத் தறிதான் நினைவுக்கு வந்தது.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும் என்பதால் ஒருவரால் நெய்ய முடியாது. நெசவாளருக்குப் பக்கத்தில் கரை நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையோ மனைவியோதான். இப்போது பாதிச் சேலையில் நெசவாளருக்கு உடம்பு முடியாமல் போய், வேறொருவர் தறியில் இறங்குகிறார் என்று வையுங்கள். எத்தனையாவது அட்டையில் நின்றது, புட்டாவில் எத்தனை இழை ஓடியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தறியில் நெய்து கிடக்கும் துணி ஒரு சாட்சி. அதை விரலால் தடவி இழை எண்ணிப் பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இன்னொரு சாட்சி. யார் கொடுத்த ஆர்டர், முந்தி எப்போது தொடங்க வேண்டும் என்பது துணியில் எழுதியிருக்காது. பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும். துணி சொல்வதும் அவர் சொல்வதும் ஒத்துப்போனால், சேலையை அறுக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ரவுட்டரிலும் அப்படியே. எழுந்து வந்த மூளைக்கு முதல் சாட்சி, சிப்பில் அழியாமல் இருக்கும் அட்டவணை. ஆனால் அது சொல்வது குறைவு: "27ல் வந்தால் 41ல் போகும்." அது யாருடைய பாதை, எவ்வளவு இடம், எதற்காக என்பது அதில் இல்லை. இரண்டாவது சாட்சி, அண்டை ரவுட்டர்கள். அவை தம் குறிப்புகளை மறக்கவில்லை. "இந்தப் பாதையை நான்தான் உன் வழியாகக் கேட்டிருந்தேன், அதற்கு நீ எனக்குக் கொடுத்த எண் 27" என்று முந்தைய ரவுட்டர் எடுத்துச் சொல்லும். மூளை உடனே அட்டவணையில் 27ஐத் தேடும். கிடைத்தால், எதிரே இருக்கும் 41ஐ எடுத்துக்கொண்டு, அடுத்த ரவுட்டரிடம் "இந்தப் பாதைக்கு நாம் 41ஐத்தானே வைத்திருந்தோம், அதையே வைத்துக்கொள்வோம்" என்று பேசி முடிக்கும். குறிப்பு மீண்டும் எழுதப்பட்டுவிட்டது. இதற்கிடையில் ஒரு மூட்டைகூட நிற்கவில்லை. வங்கி வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது.

இரண்டில் ஒன்று மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். அட்டவணையை மட்டும் நம்பினால் யாருக்கும் தேவையில்லாத பழைய பாதைகளையும் சுமந்துகொண்டிருப்போம். அண்டை ரவுட்டரின் சொல்லை மட்டும் நம்பினால், ஓடிக்கொண்டிருக்கும் எண்ணை விட்டுப் புது எண் கொடுத்து, நடுவில் பாதை அறுந்துபோகும்.

ஆனால் அண்டை ரவுட்டர்கள் ஏன் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்? அதற்கு முன்கூட்டியே ஒப்பந்தம் இருக்கிறது. நலமாக இருக்கும்போதே ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அடிக்கடி சலாம் சொல்வதுபோல் ஒரு சிறு செய்தியைப் பரிமாறிக்கொள்கின்றன. அதில் இரண்டு கால அளவுகளைச் சொல்லிவைக்கும். ஒன்று, "நான் திடீரென்று பேசாமல் போனால் இவ்வளவு நேரம் காத்திருங்கள்." மற்றது, "நான் திரும்பி வந்த பிறகு எல்லாவற்றையும் நினைவுபடுத்த எனக்கு இவ்வளவு நேரம் கொடுங்கள்." முதல் கெடுவுக்குள் திரும்பாவிட்டால் அண்டை ரவுட்டர்கள் தயங்காமல் செத்ததாக முடிவுசெய்துவிடும்.

அந்தச் செய்தியில் ஓர் அடையாள எண்ணும் இருக்கும். மூளை புதிதாகத் தொடங்கினால் எண் மாறிவிடும். அதனால், "கொஞ்ச நேரம் கம்பி தடைப்பட்டிருந்தது, ஆனால் நினைவு அப்படியே இருக்கிறது" என்பதையும், "நினைவு அழிந்து புதிதாக எழுந்திருக்கிறேன்" என்பதையும் அண்டை ரவுட்டரால் பிரித்தறிய முடியும். அதோடு, சிப்பில் இருந்த அட்டவணையும் அழிந்துபோயிருந்தால் அதை மறைக்காமல் சொல்லவும் வழி உண்டு. இரண்டாவது கால அளவைப் பூஜ்யம் என்று அனுப்பினால், "என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குங்கள்" என்று பொருள்.

இன்னோர் ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்தது. எழுந்து வந்த ரவுட்டரிடம் எல்லா அண்டை ரவுட்டர்களும் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான குறிப்புகளைக் கொட்டினால் அது மறுபடி மயங்கி விழும். ஆகவே கொடுத்த கால அளவின் முதல் பாதிக்குள் சிறிது சிறிதாகப் பரப்பிச் சொல்ல வேண்டும் என்று அந்த ஆவணம் சொல்கிறது. கெடு முடிந்ததும், யாரும் உரிமை கோராமல் அட்டவணையில் எஞ்சிய வரிகள் துடைக்கப்படும்.

முதல் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. பாதையின் தொடக்கத்தில் உள்ள ரவுட்டரே நினைவிழந்தால், அதற்கு முன்னால் யாரும் இல்லையே, யார் எடுத்துச் சொல்வது? 2007 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 5063 இதைச் சரிசெய்தது. அடுத்து உள்ள ரவுட்டரும் சாட்சி சொல்லலாம்: "நீ கடைசியாக எனக்கு அனுப்பிய செய்தி இதுதான்" என்று அப்படியே திருப்பிக் கொடுக்கும். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சாட்சி கிடைக்க வழி பிறந்தது. வேறு பேச்சுமுறைகளுக்கும் இதே போன்ற மீட்பு முறைகள் வகுக்கப்பட்டன. 2003ல் எல்.டி.பி.க்கும் ஓ.எஸ்.பி.எஃப்.புக்கும், 2007ல் பி.ஜி.பி.க்கும் வந்தன. பெயர்கள் மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஓடுவதை நிறுத்தாதே, அண்டையிடம் கேள், கெடு வை.

எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றால்

அண்டை ரவுட்டர்கள் சிறிது சிறிதாகப் பேச வேண்டும் என்றோமே, அது ஏன் முக்கியம் என்பதை ஜப்பான் காட்டியது. ரோஜர்ஸ் சம்பவத்துக்கு ஆறே நாள் முன்பு, 2022 ஜூலை 2 அதிகாலை 1.35 மணிக்கு, கே.டி.டி.ஐ. என்ற நிறுவனத்தில் ஒரு மைய ரவுட்டரை மாற்றும் வழக்கமான பணி நடந்தது. அதில் ஒரு தவறான அமைப்பால் குரல் அழைப்புகள் சுமார் 15 நிமிடம் தடைப்பட்டன. பழையபடி மாற்றிவிட்டார்கள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. தடைப்பட்ட கைப்பேசிகள் எல்லாம் "நான் இங்கே இருக்கிறேன், பதிவுசெய்துகொள்" என்று ஒரே நேரத்தில் கதவைத் தட்டின. அழைப்புகளைக் கையாளும் கணினிகள் திணறின. அவை வைத்திருந்த குறிப்பும், வாடிக்கையாளர் பதிவேட்டில் இருந்த குறிப்பும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இவர் இந்த இடத்தில் இருக்கிறார் என்று ஒன்று சொல்ல, இல்லை என்று மற்றொன்று சொல்லும். முரண்பட்டதால் மீண்டும் பதிவு, மீண்டும் நெரிசல். கடைசியில், 18 கணினிகளில் ஆறு தேவைக்கு மேல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்ததைக் கண்டுபிடித்துத் துண்டித்த பிறகுதான் அடங்கியது. 15 நிமிடத் தடை 60 மணி நேரத்துக்கும் மேற்பட்ட அவதியாக வளர்ந்தது. நினைவு அழிந்திருந்தால்கூட ஒருவேளை விரைவில் மீண்டிருக்கும். பாதி சரி, பாதி தவறு என்று கிடந்த நினைவு அதைவிடப் பெரிய தொல்லையாகிவிட்டது.

ஊரே மறந்தால் யாரிடம் கேட்பது?

இப்போது கனடாவுக்குத் திரும்புவோம். ரோஜர்ஸ் தன் மைய நெட்வொர்க்கைப் புதுப்பிக்கும் பணியை முன்பே தொடங்கியிருந்தது. மொத்தம் ஏழு கட்டங்கள். ஜூலை 8 அன்று நடந்தது ஆறாவது கட்டம். அதில் ஒரு ரவுட்டர் தொகுதியிலிருந்த வடிகட்டி ஒன்றை நீக்கினார்கள். எந்தப் பாதை விவரங்களை மையத்துக்கு அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று தடுத்துக்கொண்டிருந்தது அந்த வடிகட்டிதான். அது போனதும் ஏராளமான பாதை விவரங்கள் வெள்ளமாக மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. அவ்வளவையும் தாங்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக அவை விழுந்தன. கைப்பேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் அந்த ஒரே மையம்தான்.

நாம் மேலே பார்த்த மீட்பு முறைகள் இங்கே கைகொடுக்க வாய்ப்பில்லை. அவை எல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: ஒருவர் மறந்தால் அண்டை வீட்டார் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது. அண்டை வீட்டாரும் சேர்ந்து விழுந்தால் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அதைவிட, எழுந்து வருபவரின் மேல் அதே வெள்ளம் மறுபடி பாய்ந்தால் எழுந்தும் பயனில்லை. முதலில் வெள்ளத்தின் வாயை அடைக்க வேண்டும். அதற்குக் காரணம் எது என்று தெரிய வேண்டும்.

அங்கேதான் அந்த நிறுவனத்தின் கண்ணைக் கட்டிவிட்டது. பழுதான ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து பார்க்கவும் திருத்தவும் பொறியாளர்கள் பயன்படுத்திய வழியும் அதே மைய நெட்வொர்க்கின் வழியாகவே போனது. மையம் விழுந்ததும் அந்த வழியும் போனது. ஊழியர்கள் கையில் இருந்த கைப்பேசிகளும் ரோஜர்ஸ் இணைப்புகள்தான்; ஒருவரோடு ஒருவர் பேசவே வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் தேவைப்பட்டன. நிலையங்களுக்கு ஆட்கள் நேரில் போக வேண்டியிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கவே 14 மணி நேரம் பிடித்தது. கிணற்றில் விழுந்தவரை மீட்கும் கயிற்றையும் அதே கிணற்றுக்குள் கட்டிவைத்திருந்த கதை இது.

கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்காக ஸோனா பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் தயாரித்த ஆய்வறிக்கையின் சுருக்கம் 2024ல் வெளியானது. அதில் நம்மை அதிகம் யோசிக்கவைத்த செய்தி தொழில்நுட்பம் பற்றியதல்ல. தொடக்கத்தில் இந்த ஏழு கட்டப் பணி 'அதிக ஆபத்து' என்று மதிப்பிடப்பட்டிருந்தது. முதல் ஐந்து கட்டங்கள் பிரச்சினையின்றி முடிந்ததால், ஆறாவது கட்டத்துக்கு அந்த மதிப்பீடு 'குறைந்த ஆபத்து' என்று இறக்கப்பட்டது. ஐந்துமுறை தப்பியது ஆறாவது முறைக்கு உத்தரவாதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்! வெள்ளம் வந்தால் தடுக்க மைய ரவுட்டர்களில் வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை என்பதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கைப்பேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் தனித்தனி மையம் அமைப்பதாக ரோஜர்ஸ் அறிவித்தது. பெரிய தடை ஏற்பட்டால் அவசர அழைப்புகளுக்கு ஒருவருக்கொருவர் உதவுவதென்று 2022 செப்டம்பரில் அந்நாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன.

நம் வீடுகளுக்கு இதில் என்ன?

911 விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு நிறுவனத்தின் கோபுரம் முழுவதுமாக அணைந்துவிட்டால், அவசர அழைப்புக்குக் கைப்பேசி தானாகவே வேறு நிறுவனத்தின் கோபுரத்தைத் தேடும். அன்று ரோஜர்ஸ் கோபுரங்கள் அணையவில்லை. பின்னால் இருந்த மையம்தான் செத்திருந்தது. கைப்பேசியில் சிக்னல் கோடுகள் தெரிந்தன. அதனால் பல கைப்பேசிகள் வேறு கோபுரத்தைத் தேடாமல், செத்த நெட்வொர்க்கையே பிடித்துக்கொண்டிருந்தன. சிம் அட்டையைக் கழற்றிவிட்டு 911ஐ அழைத்துப் பார்க்கும்படி அங்கே அறிவுறுத்தினார்கள். சிம் இல்லாமல் அவசர எண் போகுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். கனடாவிலோ வளைகுடாவிலோ உங்கள் பிள்ளை இருந்தால், அங்கே நிலைமை என்ன என்று இப்போதே கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிக்னல் கோடு தெரிவதால் நெட்வொர்க் உயிரோடு இருக்கிறது என்று பொருளில்லை என்பதை வீட்டில் வயதானவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பது மலிவாக இருக்கலாம். ஆனால் விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழும். வீட்டு இணையமும் கைப்பேசியும் ஒரே நிறுவனம் என்றால் இன்னும் கஷ்டம். ரோஜர்ஸுக்குச் சொந்தமான ஃபிடோ, சாட்டர் என்ற வேறு பெயர்ச் சேவைகளும் அன்று சேர்ந்தே விழுந்தன. பெயர் வேறாக இருப்பதால் மட்டும் நெட்வொர்க் வேறாகிவிடாது. ஒரு சிம்மாவது உண்மையிலேயே வேறு நெட்வொர்க்காக இருக்கட்டும். முக்கியமான பத்து எண்களைத் தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். நெட்வொர்க் போன நேரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியை அணைத்து அணைத்துப் போடுவதால் நமக்குப் பயன் குறைவு. எல்லோரும் அப்படிச் செய்தால் வாசலில் நெரிசல் கூடும் என்பதை ஜப்பானில் பார்த்தோம்.

காந்தி சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று வாட்ஸ்அப்பில் சேலை காட்டி, ஜி-பே-யில் பணம் வாங்கும் வியாபாரம் இது. முகூர்த்த நாளில் இரண்டு மணி நேரம் இணையம் போனால் நஷ்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். "எங்களிடம் இரண்டு இணைப்பு இருக்கிறது" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இணைப்புக் கொடுக்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இரண்டாவது இணைப்பு வேறு நிறுவனத்தின் மையம் வழியாகப் போகிறதா, தெருவில் வேறு கேபிள் வழியாக வருகிறதா, முதலாவது விழுந்தால் தானாக மாறுமா அல்லது யாராவது வந்து மாற்ற வேண்டுமா? "தானாக மாறும்" என்று பதில் வந்தால், முதல் கேபிளை அவர் எதிரிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.